பாலத்தடியில் நீ ஒளித்த பெட்டி

கும்பகோணத்தில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் கிணுகிணுத்தது. போய்ச் சேர்ந்து எட்டு மாதமான உன் பெயருக்கு மின்னஞ்சல்: 'உங்கள் பெட்டியைக் காணவில்லை என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். இம்மாதத்துக்குள் சரிபார்க்காவிட்டால் உங்கள் பக்கம் நீக்கப்படும்.' கடவுச்சொல்லை என் தலையில் கட்டிவிட்டுப் போன புண்ணியவான் நீ. காபியை அப்படியே வைத்துவிட்டு உன் பக்கத்தைத் திறந்தேன்.

உனக்குக் கிறுக்கு என்று ஊரில் பரப்பியவன் நான்தான். ஒரு வங்கி மேலாளர் ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்தடியில் டிபன் டப்பாவை ஒளித்து, அந்த இடத்தின் குறியீட்டை இணையத்தில் போட்டால் வேறென்ன சொல்வது? முகம் தெரியாதவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே வந்து டப்பாவைக் கண்டுபிடிப்பார்கள், உள்ளிருக்கும் நோட்டில் கையெழுத்திட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் அந்தப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது விளையாட்டில்லை. திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே வாய்க்கால்மேல் நிற்கும் அந்த மூன்று கண் பாலத்தின் கல்வெட்டில், கட்டிய துரையின் பெயர் மட்டும் இருக்கிறது. அறுவடைக் கூலி அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டு உன் அப்பாவும் தெருக்காரர்களும் மூன்று நாள் அதன்மேல் உட்கார்ந்திருந்தது உன் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, ஒவ்வொருவர் பெயரோடும். அவர்கள்மேல் நெல் வண்டியை ஓட்டச் சொன்னவர் மட்டும் வெறும் 'ஒரு மிராசுதார்'. நல்லவேளை, வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

முதல்முறை படித்தபோதே உன்னிடம் கேட்டேன்: "எங்க தாத்தா பேர மட்டும் ஏன்டா விட்ட?"

"உனக்கும் அதே பேரத்தான வச்சிருக்காங்க. போட்டா படிக்கிறவன்லாம் உன்னத் திட்டுவான். உன்னத் திட்ட நான் ஒருத்தன் போதாதா?"

நான் அங்கே போகாமலே 'கண்டுபிடித்தேன், அருமை' என்று எழுதிவைத்தேன். மறுவாரமே பிடித்துவிட்டாய்.

"நோட்டுல உன் கையெழுத்து இல்லையே?"

"பேனா எழுதலடா."

"உள்ள இருக்குறது பென்சிலு."

பாம்புக்குப் பயம் என்று சமாளித்தேன். பாம்புக்கும்தான் பயம்.

நேற்றுப் போனேன். தண்ணீர் இன்னும் வரவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மூன்று கண்ணிலும் குனிந்து குனிந்து தேடியதில் இடுப்பு பிடித்ததுதான் மிச்சம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வயித்தக் கலக்குதா? ஓரமாப் போங்க, இங்க ஆளு வரும்."

"இல்லம்மா, ஒரு டப்பா..."

"அதுவா! அங்க குளவி கூடு கட்டிருச்சு. வர்றவங்களக் கொட்டிரப் போவுதுன்னு நான்தான் அந்த ஆலமரத்து வேர்ல சொருகி வச்சேன். எங்க மாமனார் பேரும் அதுல இருக்காமே, மக போன்ல படிச்சுக் காட்டுனா. ஆமா, நீங்க யாரு வீடு?"

எங்கள் ஊர்ப்பக்கம் தப்பிக்க முடியாத கேள்வி. தாத்தா பெயரைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. ஆட்டை ஒருமுறை அதட்டினார். பிறகு டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டு மறுபடி அந்த வேர்லயே வைங்க. நனையாமப் பாத்துக்குங்க."

போட்டேன். புதிய இடத்தைக் குறித்து அனுப்பினேன். உன் பக்கம் பிழைத்தது. பிறகு அதில் 'ஒரு மிராசுதார்' என்பதை அழித்தேன். அந்த இடத்தில் தாத்தாவின் பெயரை அடிப்பதற்குள் நாலு முறை எழுந்து வாசல்வரை போய்வந்தேன். கடைசியில் அடித்துச் சேமித்துவிட்டேன். யார் என்ன எழுதுகிறார்கள் என்று அரை மணிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்க்கிறேன். ஐம்பது வருடமாக இந்தப் பெயரோடு திரிகிறேன். ஒருநாளும் இது இவ்வளவு கனத்ததில்லை.