போனில் 'என்னங்க'

எருசலேம்
12.3.2006

கலைவாணியின் அப்பாவுக்கு வணக்கம். புதுச்சேரியில் வெயில் ஆரம்பித்துவிட்டதா? உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மகள் தெபோராவுக்கு என் வயதுதான். மருந்து டப்பாவைப் படிப்பதற்காக எனக்கு எபிரேய எழுத்து சொல்லிக்கொடுத்தார். இவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்தை மட்டும் எழுதுகிறார்கள், உயிரோசையை நாமே சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தத் தெம்பில் இவர்களுடைய ஜெபப் புத்தகத்தில் ஒரு நாலெழுத்துச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கப் போனேன். தெபோரா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"அது கடவுள் பேரு. எழுதலாம், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. 'அந்தப் பேர்'னுதான் சொல்லுவோம். சொல்லாமலே இருந்து, சரியான உச்சரிப்பு எதுன்னே இப்ப நிச்சயமாத் தெரியாது."

"இதென்ன அதிசயம்? நான்கூட எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டேன். 'என்னங்க'ன்னுதான் கூப்பிடுவேன்" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. அதிலிருந்து நீங்கள் போன் செய்தால், "செல்வா, போன்ல என்னங்க" என்று வீடே கேட்கக் கூப்பிடுகிறார்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் பெரிய மார்க்கெட்டில் சுண்டைக்காய் வற்றல் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போனில் 'இந்தா' என்று ஆரம்பிக்காமல், செல்வாம்பாள் என்று ஒருமுறை முழுசாகக் கூப்பிடுங்கள். இங்கே யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. எனக்கே மறந்துவிடப் போகிறது.

பெரியவர் கூப்பிடுகிறார். உறைமேல் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். வாய்விட்டுப் படிக்கவில்லை.

உங்கள்
செல்வாம்பாள்