மழைப் பக்கம்

மே 14
விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மரச் சிரட்டைகளில் பாதி தண்ணீர். வாளியில் வந்த ரப்பர் பால் மோர் மாதிரி.

ஸ்டோர் சுவரில் பலகை. ஒரு பக்கம் வெயில் நாளுக்கு: பாலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, உறைய எவ்வளவு ஆசிட். மறுபக்கம் மழை நாளுக்கு: தண்ணீர் பாதிதான். திருப்ப மேனேஜர் சாப் உத்தரவு வேண்டும். சாபுக்கு மழை ஜூன் ஒன்றாம் தேதிதான் தொடங்கும். பால் கெட்டி பார்க்கும் கண்ணாடிக் குழாய் அவர் மேசைக்குள், பூட்டி. நாங்கள் உடைத்துவிடுவோமாம்.

வெயில் பக்கப்படியே ஊற்றினேன்.

சோப்பு இல்லை. தீவுக்குச் சாமான் கொண்டுவரும் கப்பல் ஹட் பே துறைமுகம் தாண்டவில்லையாம்.

மே 15
பால் சரியாக உறையவில்லை. ரோலரில் கொடுத்ததும் கிழிசல். ரோலர் சுற்றும் ராக்கம்மா: "இது ரப்பரா தம்பி, கொழகொழன்னு வட்டிலப்பமா?"

சாப் பார்த்தார். "பானி மிலாயா!" பால் வெட்டுகிறவர்கள் தண்ணீர் கலந்தார்களாம். யார் வாளியில் பால் அதிகம்? பார்வதி அக்கா. நாளையிலிருந்து வராதே.

ஊற்றியது நான். கள்ளிப் பட்டம் அக்காவுக்கு. வாயை மூடிக்கொண்டு நின்றேன். த்தூ.

சாயங்காலம் லயத்தில் அக்கா: "வேலை போனா குடியிருக்கிற காம்பராவும் போயிரும். இன்னொரு கப்பல் ஏத்துவாங்களா தம்பி?"

சிலோனிலிருந்து எங்களைக் கொண்டுவந்து இந்தத் தீவில் இறக்கினார்கள். காடு வெட்டினோம், இந்த மரங்களை நட்டோம். அங்கே தொரை, இங்கே சாப்.

மே 16
மழை. சாபிடம் பலகையைத் திருப்பக் கேட்டேன். "கேலண்டர் தேக்கோ." காலண்டரைப் பார்க்கணுமாம், இன்னும் ஜூன் வரவில்லையாம்.

அவர் போனதும் திருப்பினேன்.

மே 17
மழைதான். ஷீட் அருமை. ஒரு கிழிசல் இல்லை. சாப் தடவிப் பார்த்துச் சிரித்தார். "தேக்கா? அவள் போனாள், ஷீட் சரியாகிவிட்டது."

பாவி நான். என் கையாலேயே அக்காவைக் கள்ளியாக்கிவிட்டேன்.

செருப்பில் பூஞ்சை.

மே 18
ஓயாத மழை. பலகையை மறுபடி வெயில் பக்கம் திருப்பி, அதன்படியே ஊற்றினேன். ராக்கம்மா பதறினாள்: "கிறுக்கா பிடிச்சிருக்கு? நாளைக்கு எல்லாம் நாசம்!"

"சாப் உத்தரவுதானே, ராக்கம்மாக்கா."

மே 19
சாப் வந்து நிற்கும்வரை ராக்கம்மாவை ரோலர் தொடவிடவில்லை. முதல் ஷீட் கிழிந்தது. இரண்டாவதும். மூன்றாவது தரையில் விழுந்தது. ராக்கம்மா சிரிக்கவில்லை.

சாப் முகம் சிவந்தது. "பானி யார் கலந்தது?"

"நான்தான், சாப். பலகையில் உள்ளபடி. பதினாலாம் தேதியும் இப்படித்தான். பதினாறும் பதினேழும் மட்டும் உங்களைக் கேட்காமல் மழைப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். பார்வதி அக்கா நாலு நாளாக மரத்தைத் தொடவில்லை."

பலகையைப் பார்த்தார். வெளியே மழையைப் பார்த்தார். பைக்குள் கைவிட்டு, கண்ணாடிக் குழாய் பூட்டிய மேசையின் சாவியைத் தேடினார்.