கட்டத்துக்குள் கடல்

பரளச்சி,
25.11.1973

அன்புள்ள அண்ணனுக்கு, ஆவுடைத்தாய் வணக்கத்துடன் எழுதுவது.

விதைத்த அன்று அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்ட சொல் ஒன்று உண்டு: கடலோரம். ரேடியோவில், இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரப் பகுதிகளில் பலத்த மழை என்றுதான் வாசித்தார்கள். மாவட்டத்தின் பெயர் காதில் விழுந்ததுமே அப்பா துண்டை உதறி எழுந்துவிட்டார். "நம்ம சில்லாவத்தான் சொல்றான். ஏரைக் கட்டுங்கப்பா" என்றார். வீட்டிலிருந்த பருத்தி விதை முழுவதும் அன்றே மண்ணுக்குப் போயிற்று.

கடல் நமக்கு முப்பது மைல் தள்ளி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். நீங்கள் புஞ்சையை விட்டு அமெரிக்கா போன நாலு வருஷமாக உங்கள் பேச்சையே எடுக்காதவர். உங்கள் கடிதங்கள் அடுத்த தெரு மாயக்காள் மதினி வீட்டுக்கு வருவதும் அவருக்குத் தெரியாது.

போன கடிதம் மடிப்பில் கிழியும் அளவுக்குப் படித்துவிட்டேன். வானிலையைக் கணிக்கக் காற்றுக்குத் தனிக் கணக்கு, கடலுக்குத் தனிக் கணக்கு என்றால் பிசகுகிறது என்று இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் பேசவிட்டிருக்கிறீர்கள். காற்று கடலைத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்தக் குளிர்ச்சி திரும்பக் காற்றைத் தணிக்கிறது. படித்துவிட்டு வெளியே வந்தேன். நம் காட்டின் மேல் ஒரு மேகத் துண்டு நின்றது. நான் பார்த்தேயிராத கடல் அதை அனுப்பியது என்று நினைத்து, அது கலையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மதினிதான், "கடலைப் பெட்டிக்குள்ள அடைச்சிட்டாகளாம்ல உங்க அண்ணன்? ஒரு கொடம் இங்கிட்டு ஊத்தச் சொல்லு" என்றார்.

மழை கடலோரத்தோடு நின்றுவிட்டது. இங்கே ஒரு தூறல். பருத்தி இரண்டு இலை விட்டு, எட்டாம் நாள் கருகியது. அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதத்தைப் படிக்கச் சொன்னார். கம்ப்யூட்டருக்காக உலகத்தை முந்நூறு மைலுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டம் முழுதுக்கும் ஒரே மழை என்று கணக்கிடுவதாக நீங்கள் எழுதிய இடத்தில் என்னை நிறுத்தினார்.

"அந்தக் கட்டத்துக்குள்ள நம்ம புஞ்சை இருக்கா, தாயி?"

இருக்கிறது, கடலும் அதே கட்டத்துக்குள்தான் என்றேன். கருகிய செடியைக் கையில் உருட்டிக்கொண்டே, "அப்ப ரேடியோக்காரன் மாதிரித்தான் அவனும்" என்றார். நாலு வருஷத்தில் உங்களைப் பற்றி அவர் முதன்முதலாகப் பேசியது அதுதான்.

அண்ணா, கட்டத்தைச் சிறிதாக்குங்கள். நம் புஞ்சை தனியாகத் தெரியவேண்டும். குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வணங்கும் தங்கை,
ஆவுடைத்தாய்

பி.கு.: முந்தாநாள் நல்ல மழை. மதினி வீட்டில் விதை வாங்கி நேற்று மறுபடி விதைத்தோம். அடுத்த கடிதத்தை நம் வீட்டு முகவரிக்கே போடச் சொன்னார் அப்பா.