நீ கண்ணாடி பார்க்காமல் விட்ட நாட்கள்

என் பெயின்ட் வாளித் தம்பி செல்வத்துக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். செத்தவனிடம் நலம் விசாரிக்கிற அளவுக்கு உன் அக்காவுக்கு இன்னும் மூளை கலங்கவில்லை. அங்கேயாவது கால் வந்ததா? வந்திருந்தால் முதல் வேலையாக என்னை உதைக்கத்தான் வருவாய்.

முதுகெலும்பு உடைந்தபின் உனக்குப் பயிற்சி கொடுத்த மையத்தில், இறந்துபோனவர்களுக்காக ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். வீட்டு ஆள் யாராவது எழுதலாம், எந்த மொழியானாலும் சரி என்றார்கள். உன் பொண்டாட்டி காகிதத்தை என் கையில் திணித்தாள். "நீங்க எழுதுங்க அண்ணி. உங்களுக்குத்தான் சிரிப்பா எழுத வரும்."

கஸ்தூரி இன்னும் அதே வேலைக்குத்தான் போகிறாள். மாதாப்பூரில் நீ பெயின்ட் அடிக்கப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்தாயே, அதே கம்பெனிக் கட்டடம். உன் முதுகெலும்புக்குப் பதிலாகக் கான்ட்ராக்டர் கொடுத்தது அவளுக்கு அங்கே கூட்டித் துடைக்கிற வேலை. திருமுல்கேரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், நீ அடித்த சுவரை அவள் துடைக்கிறாள். நன்றாகத்தான் அடித்திருக்கிறாயாம், இன்னும் உரியவில்லையாம்.

அவள் வேலைக்குப் போனதால்தான் நீ செத்தாய் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். புருஷனைப் படுக்கையில் போட்டுவிட்டு ஊர் சுற்றினாளாம். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும்தான் வாயைத் திறக்கவில்லை. நீயாவது செத்துவிட்டாய், எனக்கு என்ன வந்தது?

மையத்தில் என்ன சொல்லி அனுப்பினார்கள்? இடுப்புக்குக் கீழே உனக்கு வலி தெரியாது, அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். காலையும் மாலையும் ஒருக்களித்துப் படுத்து, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து உட்காரும் இடத்தைப் பார். ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தாலும் அது மறையும்வரை நாற்காலியில் ஏறாதே, அழுந்தி அழுந்திப் புண்ணாகிவிடும். நீயும் ஒரு வருஷம் ஒழுங்காகப் பார்த்தாய். கைக்கு எட்டாத இடத்துக்குக் கஸ்தூரி கண்ணாடி பிடித்தாள்.

அப்புறம் தசராவுக்கு உன் பெயின்ட் கூட்டாளிகள் வந்தார்கள். நீ சட்டையை இஸ்திரி போட்டு, தலை வாரி, சக்கர நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாய். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"எங்க தொரை காலையில எழுந்ததும் மூஞ்சியைப் பாக்கறதில்லப்பா. கண்ணாடியைப் பின்னாடி வச்சுத்தான் பாக்கறாரு. மூஞ்சியைவிட அதுதான் லட்சணமா இருக்காம்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய். அடுத்த வாரம் அவர்கள் சீப்பு சொருகிய ஒரு ரோஸ் கலர் கண்ணாடியை ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கும் சிரித்தாய். இன்றைக்கும் நல்ல சிரிப்பு வந்தது என்று எனக்குப் பெருமை.

அன்றிலிருந்து கஸ்தூரியைக் கிட்டே விடவில்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாய். உள்ளே என்ன பார்த்தாய்? கண்ணாடி கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்ததை, நீ போன அப்புறம்தானே நான் கண்டேன். ஒரு நாள், பார்த்தாயா என்று கேட்டேன். "நக்கோ அக்கா, கவலை வேணாம், எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாய். நீ பவுடரை அள்ளிக் கொட்டிக்கொண்டபோது, யாரைப் பெண் பார்க்கப் போகிறாய் என்று அதையும் கிண்டல் செய்தேன்.

காய்ச்சல் வந்த அன்று நானும் கஸ்தூரியும் உன்னைப் புரட்டினோம். நாற்றத்தில் அவள் பின்வாங்கவில்லை, நான் வாங்கினேன். முதுகுக்குக் கீழே என் கை போகிற பள்ளம். உள்ளே எலும்பு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இவரை யார் பார்த்துக்கொண்டது என்று கத்தினார். "நான்தான் சார்" என்றாள் கஸ்தூரி. நான் அவள் பக்கத்திலேயே நின்றேன்.

அவள் மருந்து வாங்கப் போனபோது நீ என்னிடம் சொன்னாய்: "அவனுங்க முன்னாடி அதைச் சொல்லியிருக்க வேணாம்க்கா."

நான் என்ன சொன்னேன்? எழுந்து வா, உனக்கு ஆள் உயரக் கண்ணாடியே வாங்கித் தருகிறேன் என்றேன். நீ சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

காரியத்துக்கு வந்த பெரியம்மா, எல்லோர் முன்னாலும் கஸ்தூரியைக் கேட்காத கேள்வி கேட்டாள். என்னைப் பார்த்து, என்னடி மங்கை, நான் சொல்வது சரிதானே என்றாள். நான் தலையை ஆட்டினேன், செல்வம். ஆட்டாமல் இருந்திருக்கலாம். ஆட்டினேன்.

போன வாரம் உன் மகள் சுஜி ஸ்கூல் பீஸ் விஷயமாக அம்மாவோடு சண்டை போட்டாள். அவள் தமிழில் பேசமாட்டாளே, தெலுங்குதான். "நான்னனி நுவ்வே சூஸ்கோலேது" என்றாள். அப்பாவை நீதான் பார்த்துக்கொள்ளவில்லை என்று, எட்டு வயசுப் பிள்ளை, பெற்றவள் முகத்துக்கு நேராகச் சொன்னது. கஸ்தூரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள்.

அவளே நம்பிவிட்டாளடா.

இந்த மலர் வந்தால் கஸ்தூரி முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அச்சில் படித்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. அன்றைக்கே போய் இருவரையும் உட்கார வைத்துச் சொல்கிறேன், பிள்ளைக்குப் புரிகிற தெலுங்கிலேயே. பெரியம்மாவிடமும் சொல்கிறேன். கஸ்தூரி என்னைச் செருப்பால் அடித்தாலும், இனி வாசலை மிதிக்காதே என்றாலும், ஒரு வேடிக்கைப் பேச்சும் என் வாயிலிருந்து வராது. இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு பிறந்து, உன்னைப் பேசியே கொன்ற
மங்கை அக்கா