மகள் சொன்ன பதில்

1987 நவம்பர், செவ்வாய் இரவு. சபேட்டோ.

படுத்தேன், தூங்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து மகள் சரோஜாவுக்கு ஆஸ்திரேலியா நினைப்புத்தான். இன்று என்னை லௌட்டோக்கா டவுனுக்கு, ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் உடம்பைப் பார்த்து நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் எனக்கு வீசா.

தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதை சரோஜா எனக்கு, நாங்கள் வீட்டில் பேசும் இந்தியில் சொன்னாள். எனக்கு வாயில் என் அம்மா பேசிய தமிழ்தான் வந்தது.

"நெஞ்சு கனமாவே கிடக்குதும்மா. கோழிக்குத் தீனி போடக்கூட எழுந்திரிக்க முடியல. ஏன்தான் விடியுதோன்னு இருக்குது."

சரோஜா என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "மம்மி வெரி ஹேப்பி" என்றாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

ஏன் அப்படி மாற்றிச் சொன்னாய் என்று பஸ்ஸில் கேட்டேன். "உன் தமிழ் எனக்கு எங்கம்மா புரியுது?" என்றாள் இந்தியில். புரியாதவள், பஸ் சபேட்டோ வந்து சேரும்வரை என் கையை ஏன் விடவில்லை?

விடியட்டும். டாக்டரிடம் சொன்னதையே அவளிடம் இந்தியில் சொல்லப்போகிறேன். அப்போதும் புரியவில்லை என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.