வெள்ளிக்கம்பிக் குழல்

என் தங்கப் பேத்திக்கு,

பாட்டி நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

நான்கு மாதத்துக்கு முன் நான் உன் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த அன்று அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நீ, உன் தோழி, விசிலடிச்சான் என்று நீயே பெயர் வைத்த அந்த உயரமானவன், இரண்டு முறை வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போன உன் பேராசிரியர், சிலிண்டர் மாற்ற வந்தவர், அப்புறம் நான். சிலிண்டர்காரர் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் கண்ணால் பார்த்தது எதுவும் என்னை விட்டுப் போகாது. உன் பெரிய அத்தை முப்பது வருடத்துக்கு முன் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத குடைக்குக் கைப்பிடி பச்சை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வந்துபோன நாள் தொடங்கி நான்கு மாதமாக எடுத்த எண்கள் ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை என்றாய். எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம் பேராசிரியர். அளக்கிற வெள்ளிக்கம்பிக் குழலில் கை வைத்தது உன் தோழிதான் என்று விசிலடிச்சான் சொன்னானாம், நீ அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாயாம்.

கை வைத்தது நான், கண்ணு.

நீ பேராசிரியர் அறைக்குப் போயிருந்தாய். கழுவும் தொட்டி ஓரத்தில் அழுக்குச் சாமானோடு சாமானாக ஒரு சின்னக் கண்ணாடிக் குழல் நின்றது. உள்ளே வெள்ளிக்கம்பி, கறுத்துப் போயிருந்தது. அழுக்கைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காதே. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த திரவத்தில் பாதியைக் கொட்டி, அலசி, குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்பி வைத்தேன்.

நீ வந்து அதே குழலை எடுத்துக் காட்டினாய். 'பாட்டி, இந்தக் கம்பிதான் எங்களுக்குப் பூஜ்யம். இங்கேருந்துதான் எல்லா வோல்ட்டையும் அளக்கறோம். எங்க வேலை முழுக்க தண்ணியே இல்லாத திரவத்துலதான். ஒரு சொட்டு பட்டாலும் போச்சு' என்றாய். அப்போது என் கை ஈரம்கூடக் காயவில்லை. இத்தனூண்டு தண்ணீருக்கு என்ன ஆகிவிடும் என்று புடவையில் துடைத்துக்கொண்டேன்.

இனி நல்ல செய்தி. மதியம் நீ சாப்பிடப் போனதும் உன் தோழி உன் குடுவையில் ஒரு சிட்டிகை ஆரஞ்சுப் பொடி போட்டாள். திரையில் ஓடும் கோட்டில் ஒரு மேடு இருந்த இடத்தில் இரண்டு மேடு வந்தது. என்னடியம்மா இது என்றேன். 'கம்பி ஏமாத்தினாலும் ரெண்டு மேடும் சேர்ந்துதான் நகரும் பாட்டி. நடுவுல இருக்கற தூரம் மாறாது. தினமும் போட்டு எழுதி வைக்கறேன். அவகிட்ட சொல்லாதீங்க, நேரத்தை வீணாக்கறேன்னு கத்துவா' என்றாள். நீலஅட்டை நோட்டு, மூலை கிழிந்தது, அவள் மேஜையில் இரண்டாவது இழுப்பறை. உன் நான்கு மாதமும் அதில் பத்திரமாக இருக்கிறது. கம்பியை விட்டுவிட்டுப் பொடியின் மேட்டையே பூஜ்யமாக வைத்து எண்ணிக்கொள், போதும்.

இந்தக் கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டு. ஆனால் முதலில் அவளிடம் போ. நோட்டைக் கேட்பதற்கு முன்னால் மன்னிப்பைக் கேள். நான் முப்பது வருடம் ஒரு குடைக்காகப் பேசாமல் இருந்தவள். அந்த வீட்டுப் பக்கம் போக இப்போது வழிகூட மறந்துவிட்டது. நீ அப்படி ஆகாதே. நன்றாக இரு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
பாட்டி

ஒன்று விட்டுவிட்டேன். என்னை நான் திங்கட்கிழமையே மன்னித்தாயிற்று. வயதானவள், தெரியாமல் செய்தாள். உன்னை அந்தப் பெண் மன்னிப்பாள். ஆனால் நான் குழலைக் கழுவும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, 'நல்லா கழுவுங்க பாட்டி' என்று சொல்லிச் சிரித்தவன் ஒருவன் இருக்கிறான். எல்லாம் படித்தவன். அப்புறம் அவள் பெயரைச் சொன்னவனும் அவனே. நான் சாகும்வரை மன்னிக்க மாட்டாத ஒரே ஆள் அந்த விசிலடிச்சான்.