கூரைத்தண்ணி விழுந்த இடம்

13 ஒக்டோபர், ஞாயிறு
தூறல். முழங்கால் வலி. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, போன் எழுதுகிறது. மனுசி கோயிலுக்குப் போய்விட்டா.

சென் தெனிச் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய், புளி. மீன் மறந்துபோச்சு. முந்தி கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இருந்த நிலத்தை ஆராய்ச்சிக்குத் தோண்டுகிறார்கள், இன்று சனத்தை உள்ளே விட்டார்கள். அங்கே வேலை செய்யும் பாண்டிச்சேரிப் பிள்ளை ஒன்று எனக்குப் பிரெஞ்சு விளங்காது என்று தமிழில் விளக்கம் சொன்னது. துறவிகளின் எலும்புக்கூடுகள் வரிசையாக, தலை மேற்கே. மடத்துக் கோயில் சுவரோரம் மட்டும் சின்னக் குழிகள். ஞானஸ்நானத்துக்கு முன் செத்த குழந்தைகளாம். கோயில் கூரையில் விழும் மழை அவர்கள்மேல் தீர்த்தமாய்ச் சொட்டட்டும் என்று அங்கே வைத்தார்களாம்.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தேத்தண்ணி வாங்கினேன். ஆறிப்போச்சு.

14, திங்கள்
மழை. தங்கச்சி மகன் குகன் ஊரிலிருந்து போன் எடுத்தான். ஆமி பிடித்து வைத்திருந்து இப்ப விட்ட எங்கள் காணியில் வெள்ளிக்கிழமை அத்திவாரம் வெட்டுகிறானாம். பழைய வீடு தரைமட்டம், கிணறு மட்டும் மிச்சம்.
"எங்கை வெட்டினாலும் சரிதானே மாமா?"
ஓம் என்று விட்டேன். ஏன் சொன்னேன்.

எங்கள் மூத்தவன். இருபத்திரண்டு நாளில் செத்துப்போனான். பெயரும் வைக்கவில்லை. பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, சுடலையோரம் தாழ்ப்பது வழக்கம். அன்று ஊரடங்கு, றோட்டில் ஆமி. சமைக்கிற குசினிக்குப் பின்னால், கூரைத்தண்ணி விழுந்து மண் இளகின இடத்தில் வைத்தேன். கிணற்றுக்கட்டிலிருந்து காலால் பதினொரு எட்டு. மழைக்கு மனுசி வாளி வைக்கிற இடம். அவவுக்குச் சுடலை என்று சொன்னேன். முப்பத்திரண்டு வருசம்.

15
மீன் வாங்கினேன். மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை.

16
சொல்லவில்லை. பிரஷர் குளிசையும் போடவில்லை. மனுசி ஏசினா.

17, வியாழன்
நாளைக்கு வெட்டு. காலையில் மனுசி கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. முதலில் மடத்துக் குழந்தைகளின் கதை, பிறகு எங்கடை கதை சொன்னேன். கீரையை ஆய்ந்தபடியே கேட்டா:
"அதுக்குப் பிறகு நான் அதிலை வாளி வைச்சனானோ?"

யோசித்துப் பார்த்தேன். வைக்கவேயில்லை. இத்தனையும் நினைவில் வைத்திருக்கிற நான் அதைக் கவனிக்கவில்லை.

குகனுக்கு எடுத்தோம். பதினொரு எட்டை நான் சொன்னேன். மனுசி போனைப் பறித்து, அதுக்கு மேலே சுவர் வரக்கூடாது, கூரை விளிம்புதான் வரவேணும் என்று சொன்னா. அவன் சரி மாமி என்றான். போனை வைக்காமல் கேட்டா:
"அங்கை இப்ப மழையோ, தம்பி?"